மகாவீராசாரியரின் எண்மாலை: நால்வர் கூடி ஆடும் கணக்கு

இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், சமண அறிஞர் மகாவீராசாரியர் ‘கணித சார சங்கிரகம்’ இயற்றினார். 1912இல் எம். ரங்காசாரியார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தார். அதில், விடை கழுத்தணிபோல் இருபுறமும் ஒத்துவரும் பெருக்கல்கள் சில உள. 139ஐ 109ஆல் பெருக்கின் 15151. 152207ஐ 73ஆல் பெருக்கின் எட்டு ஒன்றுகள்.

இரண்டாவதை 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக்குவோம். ஒருவர் 3ஆல் பெருக்குக, அடுத்தவர் 70ஆல், மூன்றாமவர் கூட்டுக, நான்காமவர் வந்த தொகையை 73ஆல் வகுத்துப் பார்க்க. பிறர் தாளில் எழுதலாகாது, வாயால் உதவலாம். கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எனப் பனியன் கைமாறுவதைக் கண்டு வளரும் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

விடையை முன்னரே கூறிவிடுக. சுவை குன்றும் என்பார் உளர், நாம் உடன்படோம். முதலாமவர் 456621 என்பதற்கு 456521 என எழுதினால், கூட்டுத்தொகை 11111011 ஆகும். ஒன்றுகளின் நடுவே நூறாம் இடத்தில் சுழி நிற்கும். பிழை மூவரில் எவருடையதாகவும் இருக்கலாம். ஆதலின் மூவரும் தத்தம் நூறாம் இடத்தை மீளப் பார்த்தே தீரவேண்டும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டுவதில்லை.

விரைந்து முடிக்கும் பிள்ளையை நான்காம் இடத்தில் அமர்த்துக. பீஸ் ரேட் வேகத்தை வீட்டில் கண்டவர்க்குக் காத்திருத்தல் கடினமே. முதல் நாள் முணுமுணுப்பர்.

பழகியபின் ஐவராக 27994681ஐ 441ஆல் பெருக்கட்டும். விடை 12345654321.