எந்த வயலின் முதலில்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. எங்கள் சபைப் பாடகர் குழுவில் மேற்கத்திய வயலின் கற்றுத் தருகிறார்கள். கர்நாடக வயலின்தான் நம்முடையது என்கிறார்கள் உறவினர்கள். எதில் சேர்ப்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கருவி ஒன்றுதான், கைப்பழக்கம்தான் வேறு. மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று தந்திகளைச் சேர்த்து, தோளில் ஏந்தி, இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். கர்நாடக முறையில் ச-ப-ச-ப என்று சேர்த்து, சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றுகிறார்கள். தாங்கும் வேலை இல்லாததால் இடது கை தந்தியில் தாராளமாக வழுக்குகிறது. சுரங்களை அசைத்து இழைக்கும் கமகம் அப்படித்தான் வசப்படுகிறது. பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் மேற்கத்திய முறையில் கற்றதையே நம் இசைக்குக் கொண்டுவந்தார். உங்கள் மாவட்டத்தையும் ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், 1834-இல் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். வாய்ப்பாட்டுக்குத் துணையாக அன்றாட வேலை கிடைத்ததால்தான் அந்நியக் கருவி இங்கே வேரூன்றியது. குழந்தைக்கும் அதே நியாயம்தான்: வாராவாரம் பிறரோடு சேர்ந்து வாசிக்க எங்கே இடமுண்டோ, அங்கே தொடங்கட்டும்.

தாளைப் பார்த்தே பழகினால் காது மழுங்காதா என்று கேட்கலாம். எந்த மெட்டையும் முதலில் பாடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், மழுங்காது. பிறகு மாற முடியுமா? கர்நாடக முறையில் வளர்ந்த வயலின் கலைஞர் எல்.சுப்பிரமணியம் பின்னர் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றார். எதிர்த்திசையிலும் வழி திறந்தே இருக்கிறது. கிறிஸ்தவ சபைகளில் பாடப்படும் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் கர்நாடக ராகங்களில் அமைந்தவையே. ஆகவே இப்போது பாடகர் குழுவில் சேருங்கள். விரல் நிலைத்தபின் கர்நாடக ஆசிரியரிடமும் அனுப்புங்கள்.