சிறுநீர்ப்பையை எடுத்த பிறகு: கதிர்வீச்சா, மருந்தா?

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை எடுத்தாகிவிட்டது. சில வாரங்களில் பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வரும். அடுத்து என்ன என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது. நோய் தசையைத் தாண்டி வெளிக்கொழுப்புக்குப் போயிருக்கிறதா (டி3)? பக்கத்து உறுப்பில் பரவியிருக்கிறதா (டி4)? நிணநீர்க் கணுக்களில் இருக்கிறதா? வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா? இந்த நான்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்கும் இல்லையென்றால் பெரும்பாலும் தொடர் பரிசோதனையே போதும். ஒன்று இருந்தாலும் ஆபத்து இரண்டு வழியில் வரலாம். எடுத்த இடத்திலேயே, இடுப்புக்குழிக்குள், மறுபடி முளைப்பது ஒன்று. நுரையீரல், எலும்பு, கல்லீரல் என்று தூரத்தில் தலைகாட்டுவது இன்னொன்று. மருந்து உடம்பு முழுக்கப் போகும். கதிர்வீச்சு இடுப்புக்குழியை மட்டும் காக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

மருந்தில் முதலில் வருவது சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ. ஆபரேஷனுக்கு முன் அதை எடுக்காத, சிறுநீரகமும் நன்றாக வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தும். அதை ஏற்கெனவே எடுத்தவர்களுக்கும் எடுக்க முடியாதவர்களுக்கும் நிவோலுமாப் ஊசி, ஒரு வருடம். 2021இல் வெளிவந்த ஆய்வில் 709 பேர் பங்கேற்றனர். நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம் 10.8 மாதத்திலிருந்து 20.8 மாதமானது. விலை பல லட்சம்.

கதிர்வீச்சை நம் பக்கம் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை, பயப்பட வேண்டாம். கதிர்வீச்சு பயன் தரும் என்பதற்கு நல்ல சான்று முதலில் கெய்ரோவிலிருந்து வந்தது. அங்கே நடந்து 1992இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் ஐந்தாண்டு நோயின்றி இருந்தவர்கள் 25 சதவீதம். கதிர்வீச்சும் பெற்றவர்களில் 44 முதல் 49. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது நத்தைக்காய்ச்சல் ஒட்டுண்ணியால் உண்டாகும் வேறு வகைப் புற்று. நம் ஊரில் அதிகம் காணும் வகைக்கு அது பொருந்துமா என்ற கேள்வி பல ஆண்டுகள் நின்றது. கெய்ரோவிலேயே நடந்து 2018இல் வெளியான அடுத்த ஆய்வில் இரண்டு வகைப் புற்றும் இருந்தன. கீமோ மட்டும் பெற்றவர்களில் இரண்டாண்டில் இடுப்பில் நோய் திரும்பாதவர்கள் 69 சதவீதம். கதிர்வீச்சும் சேர்ந்தவர்களில் 96. மும்பை டாட்டா நினைவு மையம் வழிநடத்திய பார்ட் ஆய்வு நம் நாட்டு நோயாளிகளிடமே இதைச் சோதித்தது: 28 தடவை, மொத்தம் 50.4 கிரே. அதிலும் இடுப்பில் நோய் திரும்புவது குறைந்தது.

ஆனால் கதிர்வீச்சு ஆயுளைக் கூட்டுகிறது என்று இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. இதை மறைத்துப் பேசக்கூடாது. பை இருந்த வெற்றிடத்தில் குடல் இறங்கிக் கிடப்பதால் பேதி வரலாம். சிலருக்குப் பிற்காலத்தில் குடலடைப்பும் வரலாம். பழைய இயந்திரங்களோடு ஒப்பிட்டால், குடலை விலக்கிக் கதிர் செலுத்தும் ஐஎம்ஆர்டி முறையில் இந்தத் தொல்லை குறைவு. குடலில் புதுப்பை செய்துகொண்டவர்கள் அதன்மேல் கதிர் எவ்வளவு படும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

என் எண்ணம் இது: ஓரத்தில் மிச்சமோ டி4 நிலையோ இருந்தால் கதிர்வீச்சைக் கேட்காமல் விடாதீர்கள். கணுவில் மட்டும் நோய் என்றால் மருந்துக்கே முதலிடம். கதிர்வீச்சு அதோடு சேரலாமா என்பது அடுத்த கேள்வி. நிவோலுமாப் ஆய்வில் ஆபரேஷன் முடிந்து 120 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினார்கள். ஆகவே ரிப்போர்ட் வந்த வாரத்திலேயே யூராலஜி மருத்துவரோடு நிற்காமல், கீமோ மருத்துவரையும் கதிர்வீச்சு மருத்துவரையும் பாருங்கள்.