கரித்துண்டிலிருந்து தொடங்கும் உயிரித் தொழில்நுட்பப் பாடம்

10ஆம் வகுப்பில் உயிரித் தொழில்நுட்பவியல் பாடத்தை நடத்தும்போது, அது எங்கோ பெரிய ஆய்வகங்களில் மட்டும் நடப்பது என்ற எண்ணம் மாணவர்களிடம் இருப்பதைக் காண்கிறேன். அரியலூர் மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரியும் நான், அந்த இடைவெளியைக் குறைக்க ஒரு கரித்துண்டைப் பயன்படுத்துகிறேன். பெரம்பலூர், அரியலூர் வயல்களில் மணி உதிர்த்தபின் குவியும் மக்காச்சோளச் சக்கையும், கரிமூட்டத்துக்குப் போகும் சீமைக்கருவேல விறகும் எம் மாணவர்கள் அன்றாடம் பார்ப்பவை. பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

கரியின் அமைப்பு

மூட்டத்தை மண்ணால் மூடுவது ஏன் என்று முதலில் கேட்கிறேன். "காத்து போனா சாம்பலாயிடும் சார்" என்ற பதில் உடனே வரும். காற்று போதாத நிலையில் சூடாகும்போது செல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றிலுள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெருமளவு ஆவியாகவும் வாயுக்களாகவும் வெளியேறி, கார்பன் எஞ்சுகிறது. தாவரத்தின் சைலக் குழாய்கள் கரியிலும் அப்படியே நிற்கின்றன. இந்தக் கரியை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீராவியுடன் வினைபுரியச் செய்தால் மேலும் எண்ணற்ற நுண்துளைகள் உருவாகும். அதுவே கிளர்வுற்ற கரி. தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் இது தயாராகிறது.

ஒரு கிராம் கிளர்வுற்ற கரியின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர் இருக்கும். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையின் தரை ஏறத்தாழ 37 சதுர மீட்டர். அப்படியானால் எத்தனை வகுப்பறைகள் என்பதை மாணவர்களே கணக்கிடட்டும். விடை 27. இந்தப் பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதே பரப்புக் கவர்ச்சி.

உயிரித் தொழில்நுட்பத்தில் கரி

*திசு வளர்ப்பு:* வாழைத்தண்டை நறுக்கினால் கறுத்துவிடும் என்பதால் வீட்டில் மோர் கலந்த நீரில் போடுகிறோம். திசு வளர்ப்பிலும் இதே சிக்கல் உண்டு. வெட்டிய வாழைத் திசுவிலிருந்து கசியும் பீனால் சேர்மங்கள் பழுப்பாகி, திசுவையே நலியச் செய்யும். வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு ஓரிரு கிராம் கிளர்வுற்ற கரி சேர்த்தால், அது அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஊடகம் கருமையாவதால் வேருக்கு உகந்த இருட்டும் கிடைக்கிறது. ஆனால் நாம் சேர்த்த வளர்ச்சி ஹார்மோன்களையும் கரி பிடித்துக்கொள்ளும். வேண்டியது, வேண்டாதது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. அதனால் அளவு முக்கியம்.

*உயிர் உரம்:* அசோஸ்பைரில்லம், ரைசோபியம் பொட்டலங்களைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். அதிலுள்ள கருப்புத் தூள் பாக்டீரியாவைத் தாங்கும் ஊடகம். அது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் வெட்டி எடுக்கப்படுவது, நம் ஜெயங்கொண்டம் பகுதியிலும் மண்ணுக்கடியில் இருப்பது. அதன் அமிலத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் தூளால் நடுநிலையாக்கி, கிருமி நீக்கி, பிறகே பாக்டீரியாவைச் சேர்க்கிறார்கள். பழுப்பு நிலக்கரி உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மக்காச்சோளச் சக்கையோ ஒவ்வொரு அறுவடையிலும் கிடைக்கிறது. ஆகவே பயிர்க்கழிவுக் கரியைத் தாங்கு ஊடகமாக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. இக்கரி பொதுவாகக் காரத்தன்மை உடையது என்பதால் அதையும் சரிசெய்தாக வேண்டும்.

இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். கரியின் மிக நுண்ணிய துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறைவு; பாக்டீரியாவின் நீளமோ 1 முதல் 2 மைக்ரோமீட்டர். அது எங்கே குடியேறும்? பழைய சைலக் குழாய்களில்தான். அவை பல மைக்ரோமீட்டர் அகலம் கொண்டவை. மூலக்கூறுக்குச் சிறு துளை, பாக்டீரியாவுக்குப் பெருந்துளை.

செயல்பாடு: நிறமும் கடினத்தன்மையும்

தேவையானவை: இஸ்திரிக் கடைக் கரி, ஆற்று மணல், நீல மை, வடிதாள், துணி சோப்பு, ஆழ்துளைக் கிணற்று நீர், மழைநீர்.

1. கரியை ஈரமாக்கிப் பொடித்து, கழுவும் நீர் தெளியும்வரை பலமுறை அலசி உலர்த்தவும்.
2. மூன்று தம்ளர்களில் ஒரே அளவு கிணற்று நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மை விடவும்.
3. முதலாவதை அப்படியே வைக்கவும். இரண்டாவதில் மணலும் மூன்றாவதில் கரித்தூளும் சம அளவு சேர்த்துக் கலக்கி, மறுநாள் வடிகட்டவும்.
4. நிறங்களை ஒப்பிட்டு எழுதச் சொல்லவும்.
5. கரியில் வடிந்த நீரிலும் மழைநீரிலும் சோப்பைக் கரைத்து நுரையைப் பார்க்கவும்.

கரி சேர்த்த நீரில் நீலம் நன்கு வெளுக்கிறது. உடனே மாணவர்கள், "இனி குடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஐந்தாம் படி விடை தருகிறது. சுண்ணாம்புக்கல் நிறைந்த நம் மண்ணின் நீர் கடினநீர். கரியில் வடிந்த பின்னும் அதில் சோப்பு திரிந்து நிற்கிறது. மழைநீரில் நுரை பொங்குகிறது. கால்சியம், மெக்னீசியம் அயனிகள் நீரிலேயே இருக்கின்றன என்பதே பொருள். கிருமிகளையும் இம்முறை முழுமையாக நீக்காது. தெளிந்த நீரெல்லாம் பாதுகாப்பான நீர் அல்ல என்பதை மாணவர்கள் தம் கையாலேயே அறிகிறார்கள். கடையில் வடிகட்டி வாங்கும் குடும்பத்துக்கும் இந்த அறிவு தேவை.

கவனிக்க

சோதனை நீரை யாரும் சுவைக்கக் கூடாது. கரியை உலர்ந்த நிலையில் பொடித்தால் தூள் மூச்சில் போகும். பள்ளியில் கரி சுட வேண்டாம். நம் பகுதியில் கிடைக்கும் முந்திரி ஓட்டைப் பயன்படுத்தவே கூடாது. அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சலவைத்தூள் கடினநீரிலும் நுரைக்கும், எனவே சோப்பு மட்டுமே பயன்படுத்தவும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மணல் வைத்த தம்ளர் எதற்காக?
2. திசு வளர்ப்பு ஊடகத்தில் கரி மிகுந்தால் என்ன ஆகும்?
3. கரி நீலத்தை நீக்கியது. கடினத்தன்மையை ஏன் நீக்கவில்லை?

தொடக்க வகுப்புகளில் நிற ஒப்பீட்டோடு நிறுத்தலாம். உயர்நிலை வகுப்புகளில் கரியின் அளவையும் நேரத்தையும் மாற்றி, அளந்து, வரைபடம் வரையச் செய்யலாம். இரண்டுக்கும் செலவு ஒரு கைப்பிடிக் கரிதான்.