மைக்கேல் வாட்சனும் அந்த அரை மணி நேரமும்

குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் வென்ற பட்டங்களையும் வீழ்த்திய எதிரிகளையும் வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுவர். இங்கிலாந்தின் மைக்கேல் வாட்சனைப் பற்றி அவ்வாறு எழுதினால் ஒரே பக்கத்தில் கட்டுரை முடிந்துவிடும். அவர் உலகப் பட்டம் எதையும் வென்றவர் அல்லர். ஆயினும் குத்துச்சண்டையைப் பார்த்தே இராத சட்ட மாணவர்களும் அவர் பெயரை அறிவர். அது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

1965இல் இலண்டனில் பிறந்த வாட்சன், 1984இல் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். அவரது ஆற்றலை நாடறியச் செய்தது 1989 மே 21 அன்று ஃபின்சுபரி பூங்காவில், பெருங்கூடாரம் ஒன்றில் நடந்த போட்டி. எதிரே நின்றவர் நைஜல் பென். அதுவரை மோதிய 22 பேரையும் புள்ளிக் கணக்குக்கே இடமின்றி வீழ்த்தியவர் அவர்! வாட்சன் பதறவில்லை. முகத்தைக் கைகளால் காத்துக்கொண்டு அடிமழையைத் தாங்கினார். பென் களைப்படைந்ததும், ஆறாம் சுற்றில் அவரைச் சாய்த்துக் காமன்வெல்த் நடு எடைப் பட்டத்தைக் கைப்பற்றினார். பொறுமையும் ஒருவகைத் தாக்குதலே என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

1990இல் மைக் மெக்காலமிடம் தோற்றார். 1991 சூனில் கிறிஸ் யூபாங்கிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். அத்தீர்ப்பைப் பலர் ஏற்கவில்லை. எனவே மறுபோட்டி ஏற்பாடாயிற்று.

1991 செப்டம்பர் 21 இரவு, டாட்டன்ஹாம் கால்பந்துக் குழுவின் ஒயிட் ஹார்ட் லேன் திடல். பதினோராம் சுற்றில் வாட்சன் யூபாங்கைக் கீழே வீழ்த்தினார். வெற்றி கைக்கு எட்டிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தனர். எழுந்த யூபாங்கு, மோவாயில் கீழிருந்து மேலாக ஒரு குத்து விட்டார். வாட்சன் பின்புறமாகச் சாய, பிடரி கயிற்றில் மோதியது. பன்னிரண்டாம் சுற்று தொடங்கிய சில நொடிகளிலேயே நடுவர் போட்டியை நிறுத்தினார். சற்று நேரத்தில் வாட்சன் நினைவிழந்தார்.

இங்கே சிறிது உடலியல் வேண்டும். அடியினால் மூளையுறைக்கும் மூளைக்கும் இடையே குருதி கசிந்து உறைகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காது, ஆகவே அழுத்தம் முழுவதும் மூளைமீதே விழுகிறது. மூச்சும் தடைப்பட்டால் உயிர்வளி குறைந்து கேடு பெருகும். உடனே மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி உயிர்வளி ஊட்டி, விரைவில் மூளை அறுவைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அன்று மேடையருகே மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தகைய உயிர்மீட்புச் சிகிச்சை அங்கே அளிக்கப்படவில்லை. போட்டி முடிந்து ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து வட மிடில்செக்சு மருத்துவமனையை அடைந்த பின்னரே அது கிடைத்தது. அங்கும் மூளை அறுவைப் பிரிவு இல்லை! மீண்டும் பயணம், இம்முறை செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனைக்கு. அங்கே பீட்டர் ஹாம்லின் என்னும் மூளை அறுவை வல்லுநர் அவர் உயிரைக் காத்தார். நாற்பது நாள் ஆழ்மயக்கம், ஆறு அறுவைகள். உயிர் மிஞ்சியது, உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது.

வாட்சன் வழக்குத் தொடுத்தார். யார்மீது? யூபாங்கின்மீது அன்று. பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின்மீது. வாரியம் அடித்ததா, போட்டியை நடத்தியதா? இரண்டுமில்லை, விதிகளை வகுத்தது மட்டுமே அதன் வேலை. விதி வகுத்தவர்மீது கவனக் கடமை சாருமா என்பதே வழக்கின் உயிர்நாடி. 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'சாரும்' என்றது. மருத்துவ ஏற்பாடு எப்படி இருக்கவேண்டும் என்பதை வாரியமே முடிவு செய்கிறது. வீரர்கள் அதை நம்பியே மேடையேறுகிறார்கள். வாட்சனின் நிலையான ஊனத்துக்கு நேரடிக் காரணம் குத்து அன்று, குத்துக்குப் பின் கிடைக்காத சிகிச்சையே. நுட்பமான இந்தப் பிரிப்பை மாணவர்கள் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். அடிபடுவதற்கு இசைந்தவன், கவனிப்பாரின்றிக் கிடப்பதற்கு இசைந்தவன் ஆகமாட்டான்.

தீர்ப்பு வென்றும் பணம் முழுமையாகக் கைசேரவில்லை. வாரியத்துக்குக் காப்பீடு இல்லை. ஏறத்தாழப் பத்து இலட்சம் பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் 2001இல் நான்கு இலட்சத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. என் மனம் இதை நியாயம் என்று ஒப்பவில்லை.

ஆனால் மேடையோரம் மாறியது. 1998 மே மாதம் இராயல் ஆல்பர்ட் அரங்கில் ஸ்பென்சர் ஆலிவர் என்ற இளைஞர் இதேபோல் மூளைக் குருதிக்கசிவோடு சாய்ந்தார். உயிர்மீட்புச் சிகிச்சை மேடையருகிலேயே தொடங்கியது. அவர் நலம்பெற்றுப் பிற்காலத்தில் குத்துச்சண்டை வருணனையாளராக விளங்கினார்.

வாட்சன் நடக்கமாட்டார் என்றே பலர் கருதியிருந்தனர். 2003 ஏப்ரலில் அவர் இலண்டன் மாரத்தானில் கலந்துகொண்டார். 42 கிலோமீட்டர்த் தொலைவை, நாள்தோறும் சிறிது சிறிதாக நடந்து, ஆறாம் நாளில் கடந்தார். அறுவை செய்த ஹாம்லின் உடன் நடந்தார். முடிவெல்லைக்கு அருகில் இன்னொருவரும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் கிறிஸ் யூபாங்கு.