இரட்டித்த குரோமோசோமும் இரட்டிப்புப் பயமும்

பரிசோதனைச் சாலையில் குரோமோசோம்களை இரட்டித்து உண்டாக்கிய செடி என்று சொன்ன மாத்திரத்தில், இயற்கையின் அளவை மீறிப் பருத்துப்போன விபரீதப் பிறவி ஒன்றை மனக்கண்ணில் கண்டு அஞ்சுவோர், படித்தவர்களிலும் பலர் உண்டு. அந்தப் பயம் தீரச் சிறு கணக்கு போதும். செடியின் உயிரணுக்களில் ஜோடி ஜோடியாக இருக்கும் குரோமோசோம்கள் மகரந்தத் தூளில் பாதியாகிவிடுவதால், அத்தூளிலிருந்தே ஒரு செடியை முளைக்கச் செய்து, பிறகு அதை இரட்டித்தால், கிடைப்பது பழைய எண்ணிக்கையே அன்றி ஒன்றுகூட அதிகமில்லை. ஊமத்தையில் அந்தக் கணக்கு 24, 12, மறுபடியும் 24.

ஊமத்தையை எடுத்துக்காட்டியதற்குக் காரணம் உண்டு. இந்த வித்தை முழுவதும் மேல்நாட்டாரிடம் இரவல் வாங்கியது என்பது இன்னொரு நம்பிக்கை. டில்லி சர்வகலாசாலையின் தாவரவியல் துறையில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேசுவரியும், மகரந்தப்பைக்குள் உயிரணுக்கள் பிரியும் விதத்தை ஆராயும் நோக்கத்தோடு, ஊமத்தை மொக்குகளிலிருந்து அப்பைகளை எடுத்துப் போஷாக்குக் கூழில் வளர்த்துவந்தபோது, சூலும் இல்லாமல் கருவுறுதலும் இல்லாமல், அவற்றிலிருந்து சின்னஞ்சிறு கருக்கள் எட்டிப்பார்த்தன! 1964-இல் இதை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அவை மகரந்தத் தூளிலேயே பிறந்தவை என்பதை 1966-இல் உறுதி செய்தார்கள். புகையிலையிலும் நெல்லிலும் பிற நாட்டார் இதைச் செய்துகாட்டியது அதற்குப் பிறகுதான்.

இரட்டிப்பதற்கு உதவும் கோல்சிசின் விஷமாயிற்றே என்பார்கள். விஷம்தான்; தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதுவே. பிரியும் உயிரணுவில் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நூலிழைகளை உருவாகவொட்டாமல் தடுப்பது அதன் தொழில். இளஞ்செடியில் ஒருமுறை பட்ட மருந்து, அதன் சந்ததியில் தங்கி நம் உணவில் ஏறும் என்பது வீண் பயம். அந்நிய மரபணு எதுவும் இதில் புகுத்தப்படுவதில்லை. ஆகையால் மரபணு மாற்றுப் பயிரோடு இதைச் சேர்த்துப் பேசுவதும் பொருந்தாது.

பயப்படுவோரைப் போலவே உற்சாகிகளுக்கும் ஒரு மயக்கம் உண்டு: இரட்டித்தால் உயர்ந்த ரகம் தயார் என்பது. ஜோடியின் இரு பாதியும் ஒன்றாகிவிடுவதால், ஆறேழு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையால் அடையவேண்டிய மாறாத குணம் ஒரே தலைமுறையில் கைகூடுகிறது, லாபம் அவ்வளவே. நல்ல குணத்தோடு கெட்ட குணமும் அப்படியே நிலைத்துவிடுமாதலால், பல செடிகளையும் வயலில் நட்டு, நோயிலும் வறட்சியிலும் பார்த்து, பெரும்பாலானவற்றைக் கழித்தாக வேண்டும். ஒரு புதிய ரகம் உங்கள் கைக்கு வந்தால், அதன் பிறப்பை விசாரிப்பதோடு நில்லாமல், எந்த மண்ணில் எத்தனை பருவம் சோதித்தார்கள் என்பதையும் கேளுங்கள்.