கல்லில் காது வை

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

37 சென்சார்கள் அடங்கிய பெட்டி ஒன்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்தப் பெட்டியில் நாலைந்தை ஒரு நாள் எரியவிட்டுப் பார்ப்பாய், மற்றவை அலமாரியில் தூங்கும். செங்கல்பட்டில் இத்தனை வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை நடத்தியவன் சொல்கிறேன், எலெக்ட்ரானிக்ஸைப் பாடமாக முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுக் கலைக்கு வரலாம் என்று நினைத்தால் நீ கலைக்கு வந்து சேரவே மாட்டாய். செய்ய வேண்டிய பொருளை முதலில் முடிவு செய். அதற்குத் தேவையானதை மட்டும் கற்றுக்கொள்.

பொருளைத் தேடி நீ வெளியே போக வேண்டியதில்லை. 1957-ல் பயிற்சி மையமாகத் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படிக்கிறாய். கல்லைத் தட்டி ஓசை கேட்டுத் தேர்ந்தெடுப்பது உங்கள் தொழிலின் பழைய பழக்கம். கணீரென்று ஒலித்தால் நல்ல கல், மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கலாம். அந்தக் காதை ஒரு கருவிக்குக் கொடுத்துப் பாரேன். இதுதான் என் யோசனை.

வேண்டியது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, ஒரு பீசோ தகடு, ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி சென்னை பார்க் ஸ்டேஷனில் இறங்கி எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாமே சில நூறு ரூபாய்க்குள் முடியும். பீசோ தகட்டைக் கல்லோடு இறுக ஒட்டிவிட்டு உளியால் லேசாகத் தட்டினால் தகடு அதிர்ந்து மின்னழுத்தம் தரும். அழுத்தினால் சில படிகங்கள் மின்சாரம் தரும் என்பதை 1880-லேயே கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அந்தப் படிகங்களில் ஒன்று குவார்ட்ஸ். நீ செதுக்கும் கருங்கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு. ரெசிஸ்டரைத் தகட்டின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வை, இல்லாவிட்டால் பலமான அடியில் எழும் மின்னழுத்தம் பலகையின் காலைப் பதம் பார்த்துவிடும்.

பலகை அந்த மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். எண் பெரிதானால் விளக்கு எரியும், கைதட்டுவார்கள், முடிந்தது. அந்த எண் எவ்வளவு ஓங்கி அடித்தாய் என்பதைத்தான் சொல்கிறது, கல் எப்படிப்பட்டது என்பதை அல்ல. அதிர்வு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அளந்து பார். நல்ல கல்லில் அதிர்வு நீளும், கீறல் விட்டதில் சட்டென்று செத்துவிடும். ஊனோ ஒரு நொடிக்கு ஏறத்தாழ பத்தாயிரம் முறை அளவெடுக்கும், இந்த வேலைக்கு அது தாராளம். அந்த நேரத்தை ஒளியாகவோ அசைவாகவோ மாற்றுவது உன் கலை, அதில் நான் தலையிட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பலகையின் ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காதே. மோட்டாரோ சாலினாய்டோ வைக்கிறாய் என்றால் டிரான்சிஸ்டர் வழியாகத் தனி சப்ளையிலிருந்து கொடு, சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடு, இரண்டு சப்ளைகளின் கிரவுண்டையும் சேர்த்துவிடு. 230 வோல்ட் பக்கம் இப்போதைக்குப் போகாதே.

சிற்பம் படிக்கும் பெண்ணுக்கு இது எதற்கு என்று உன் சித்தப்பா கேட்டான். ஆர்டுயினோ பிறந்ததே டிசைன் மாணவர்களுக்காகத்தான். 2005-ல் இத்தாலியின் இவ்ரியா ஊர்க் கல்லூரியில் மாசிமோ பான்சியும் நண்பர்களும் செய்தார்கள். அதே கல்லூரியில் எர்னாண்டோ பராகான் என்ற மாணவர் உருவாக்கிய ‘வயரிங்’தான் அதற்கு அடித்தளம். அவர் பெயரைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

நம் கடற்கரைக்கும் இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு நியூயார்க்கில் பில்லி க்ளூவர் என்ற பொறியாளரும் ராஷன்பர்க் என்ற ஓவியரும் கலைஞர்களையும் பொறியாளர்களையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1969-ல், அகமதாபாத் தேசிய டிசைன் கல்லூரியில் டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞர் மூக் சிந்தசைசருடன் ஒரு மின்னிசைக் கூடம் அமைத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் இசை செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கூடம் ஓய்ந்துபோனது. பதிவு நாடாக்கள் தப்பின, அவை இருந்ததால்தான் இன்று நாம் அந்த இசையைக் கேட்க முடிகிறது. எனவே சர்க்யூட்டை நோட்டில் வரைந்து வை, கம்பியின் நிறத்தைக்கூட எழுது, வேலை செய்யும்போதே வீடியோ எடுத்துவிடு. இந்தக் கருவி எதுவும் கல்லைப் போல ஆயிரம் வருஷம் நிற்காது.

அதுவும் உங்கள் ஊரில் உப்புக்காற்று. ஈயம் வைக்காமல் பிரெட்போர்டில் சொருகியது கண்காட்சி முடிவதற்குள் பச்சை பூத்துவிடும். ஆகவே ஈயம் வைக்கப் பழகிக்கொள், பலகையின் மேல் அக்ரிலிக் பூச்சு அடி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் கம்பியை மட்டும் வெளியே விடு. கல் செதுக்கும் இடத்தில் மூடியைத் திறக்காதே.

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது கையளவு கல் இரண்டு கொண்டு வா, ஒன்று நல்லது, ஒன்று கீறல் விட்டது. மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் கடையில் இருக்கின்றன, உட்கார்ந்து பார்த்துவிடலாம். அந்தப் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நல்ல தூசி முகமூடி வாங்கு. கருங்கல் தூசி நுரையீரலுக்குள் போனால் ரிப்பேர் செய்ய யாராலும் ஆகாது.

அன்புடன்,
பெரியப்பா