செல்லப்பிராணி நலம்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கே: வெயில் தாங்காது என்று எங்கள் ஹஸ்கிக்கு மொட்டை அடிக்கச் சொல்கிறார் க்ரூமிங் கடைக்காரர். அடிக்கலாமா?
— வாசகி, வேலூர்

ப: கூடவே கூடாது. ஹஸ்கி, பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் எல்லாம் இரட்டை முடி கொண்டவை. மேல்முடிதான் வெயிலைத் தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் சிலவற்றுக்குப் பழையபடி முளைப்பதே இல்லை. உதிரும் அடிமுடியைச் சீவி எடுக்கச் சொல்லுங்கள், போதும்.

கே: நாங்கள் போடும் ஷாம்பூவையே நாய்க்கும் போடலாமா?
— வாசகர், திருச்சி

ப: வேண்டாம்.

கே: எங்கள் பக் நாயைக் குளிப்பாட்டி, கூண்டில் அடைத்து டிரையர் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் மூச்சு வாங்குகிறது. பயத்தினாலா?
— வாசகர், தாம்பரம்

ப: பயமும் இருக்கலாம். என் கவலை சூடு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக்குக்கோ சப்பை மூக்கு, குறுகிய மூச்சுப்பாதை. ஈர உடம்போடு பெட்டிக்குள் அடைத்துச் சூடான காற்றை அடித்தால் உள்ளே புழுக்கம் ஏறும். எவ்வளவு இரைத்தாலும் உடம்பு ஆறாது. நாயின் இயல்பான சூடு சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆள் பார்க்காமல் இப்படி விட்டு இறந்த நாய்கள் உண்டு.

துண்டால் நன்றாகத் துவட்டி, சூடில்லாத காற்றை ஒருவர் கையில் பிடித்துக் காட்ட வேண்டும். நேரம் அதிகம் ஆகும். கடைக்காரருக்கு அது நஷ்டம், அதனால்தான் கூண்டு. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தேவையில்லாமல் வலி கொடுப்பதைக் குற்றம் என்கிறது. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளோ விற்பனையாளர்களுக்காக எழுதப்பட்டவை. ஆகவே கேட்க வேண்டியவர் நீங்கள்தான். பக்கத்தில் நிற்கிறேன் என்றால், 'நீங்க பக்கத்துல இருந்தா அடங்காது சார்' என்பார்கள். சில நாய்களுக்கு அது உண்மைதான். அப்படியானால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விடட்டும். அதற்கும் மறுத்தால், பணம் கட்டும் முன்பே நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். இந்த வாரம் கட்டாயம் மூச்சைப் பரிசோதித்துவிடுங்கள்.

கே: நகம் வெட்ட விடாததால் கடையில் மயக்க மாத்திரை கொடுக்கிறார்கள்.
— வாசகி, கோவை

ப: கொடுத்தது டாக்டரா? இல்லையென்றால் இனி அங்கே போகாதீர்கள். அளவு தவறினால் ரத்த அழுத்தம் விழும். ஒரு நாளைக்கு ஒரு நகம் வெட்டுங்கள், அவசரமில்லை.

கே: நாய்க்கான உண்ணி மருந்தைக் கடையில் பூனைக்கும் தடவினார்கள். இரண்டு நாள் நடுங்கியது, இப்போது சரியாகிவிட்டது. மறுபடி தடவலாமா?
— வாசகர், மதுரை

ப: இரண்டு நாள் நடுங்கவிட்டு வீட்டில் வைத்திருந்தீர்களா? நாய் உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. பூனையின் ஈரல் அதைச் சரிவர உடைக்காது; வலிப்பு வந்து செத்தும் போகும். இனி அந்த மருந்து பூனை மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. மறுபடி நடுக்கம் கண்டால், மருந்துப் பாக்கெட்டோடு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.